திருப்பூரில் மின்தூக்கி, நகரும் படிக்கட்டுப் பாதுகாப்பு

திருப்பூரில் மின்தூக்கி, நகரும் படிக்கட்டுப் பாதுகாப்பு என்பது, தமிழ்நாட்டின் பின்னலாடைத் தொழில் மையமான திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய பகுதிகளிலும் ஆட்களையும் சரக்கையும் தளம் விட்டுத் தளம் ஏற்றி இறக்கும் எந்திரங்களை விபத்தின்றியும், மாற்றுத்திறனாளிகள் உட்பட அனைவரும் பயன்படுத்தத்தக்க வகையிலும் அமைத்தல், பராமரித்தல், ஆய்வு செய்தல் ஆகியவற்றைக் குறிக்கும். பேச்சு வழக்கில் மின்தூக்கி லிப்ட் என்றும், நகரும் படிக்கட்டு எஸ்கலேட்டர் என்றும், ஆலைகளில் துணி உருளைகளையும் அட்டைப்பெட்டிகளையும் ஏற்றும் தூக்கி சரக்கு லிப்ட் என்றும் அழைக்கப்படுகின்றன.

மின்தூக்கி என்றதும் பெரும்பாலோர் அஞ்சுவது கம்பிவடம் அறுந்து கூண்டு கீழே விழுவதையே. முறையாக அமைந்த பயணியர் மின்தூக்கியில் அவ்வாறு நிகழ்வது மிக அரிது. ஆபத்து பெரும்பாலும் கதவில்தான் இருக்கின்றது. கூண்டு வராத தளத்தில் கதவு திறந்துகொள்வதும், கதவு திறந்திருக்கும்போது கூண்டு நகர்வதுமே உயிரைப் பறிக்கும் பிழைகள். பின்னலாடை ஆலைகளின் சரக்குத் தூக்கிகளில் இவ்விரண்டுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இக்கட்டுரையில் அவற்றுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

பின்னணி

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பருத்தி வணிகத்தாலும் பின்னர் பனியன் உற்பத்தியாலும் வளர்ந்த நகரமாகும். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதி வேகமாகப் பெருகியது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இங்கிருந்தே செல்கின்றது. 2008இல் மாநகராட்சியாகவும், 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் திருப்பூர் ஆனது.

நகருக்கு வெளியே அமைந்த பெரிய ஆலைகள் பல, பரந்த நிலத்தில் ஒரே தளத்தில் கட்டப்பட்டவை. நகருக்குள் நிலைமை வேறு. குறுகிய மனைகளில் எழுந்த கட்டிடங்களில் ஆலை மேல்நோக்கியே வளர வேண்டியிருந்தது. ஒரு தளத்தில் துணி இருப்பும் வெட்டுதலும், அடுத்ததில் தையல், அதற்கு மேல் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பிரிந்திருக்கும் இத்தகைய கட்டிடத்தில் ஒரு சட்டைக்கான துணி, சட்டையாகி வெளியேறும் முன் பலமுறை ஏறி இறங்குகின்றது. துணி உருளை ஒன்றே ஓர் ஆள் தோளில் சுமக்கும் அளவு கனமானது. ஆகவே தூக்கி இங்கு வசதிக்கான பொருள் அன்று. உற்பத்தி வரிசையின் ஒரு பகுதியாகும். அது நின்றால் வேலை நிற்கும். பழுதான தூக்கியை நிறுத்தி வைக்காமல் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடி இதிலிருந்தே பிறக்கின்றது. கப்பல் ஏற்றும் நாள் நெருங்கும்போது அது இன்னும் கூடுகின்றது.

இயங்கும் முறை

கம்பிவடத்தால் இயங்கும் பயணியர் மின்தூக்கியில் கூண்டு ஒரு பக்கமும் எதிர் எடை மறுபக்கமும் தொங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் பல வடங்கள் மேலே உள்ள கப்பி ஒன்றின் மீது செல்கின்றன. எதிர் எடை பொதுவாகக் கூண்டின் எடையோடு முழுச்சுமையில் ஏறத்தாழப் பாதியைச் சேர்த்த அளவில் இருக்கும். இதனால் கூண்டில் ஓரிருவர் மட்டும் இருக்கும்போது எதிர் எடைதான் கனமான பக்கம். தடை பழுதானால் அக்கூண்டு விழாது, மேல்நோக்கி ஓடும். இதைப் பலரும் அறிவதில்லை.

தடை வில்லின் விசையால் இறுகி, மின்சாரத்தால் மட்டுமே தளரும்படி அமைக்கப்படுகின்றது. எனவே மின்சாரம் நின்றால் தடை தானாகவே பிடித்துக்கொள்ளும். கூண்டு குறித்த வேகத்தை மீறினால் வேகக்கட்டுப்படுத்தி, கூண்டின் அடியில் உள்ள பாதுகாப்புப் பற்றியை இயக்குகின்றது. பற்றி வழித்தண்டுகளை இறுகக் கவ்விக் கூண்டை நிறுத்துகின்றது. இக்கருத்தின் தொடக்கம் எலிசா ஓட்டிசு என்ற அமெரிக்கரிடம் உள்ளது. 1854இல் நியூயார்க்குக் கண்காட்சி ஒன்றில் அவர் மேடைமீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய வடத்தை வெட்டச் செய்து, மேடை விழாமல் நிற்பதைக் காட்டினார். 1857இல் அந்நகரின் ஆவுட் கட்டிடத்தில் அவரது நிறுவனத்தின் பயணியர் தூக்கி இயங்கத் தொடங்கியது.

எளிய சரக்குத் தூக்கிகள் பலவற்றில் இந்த ஏற்பாடுகள் முழுமையாக இருப்பதில்லை. உருளையில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வகையில் பெரும்பாலும் எதிர் எடை இல்லை. ஒரே வடத்தில் கூண்டு தொங்குவதும் உண்டு. அந்த வடம் அறுந்தால் பிடிக்க எதுவும் இல்லை. பயணியர் மின்தூக்கியில் தேவையற்றதாகிவிட்ட அச்சம் இவ்வகைத் தூக்கியில் நியாயமான அச்சமாகும்.

"ஆட்கள் ஏறக்கூடாது" என்ற பலகை

தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 28ஆம் பிரிவு தூக்கிகளைப் பற்றியது. தூக்கி உறுதியான பொருளால் நன்கு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற ஒருவரால் முழுமையாக ஆய்வு செய்யப்பட வேண்டும். ஆய்வு விவரம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். ஏற்றத்தக்க அதிகபட்சச் சுமை தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். அதற்கு மேல் ஏற்றக்கூடாது. தூக்கி ஓடும் வழி முழுதும் அடைப்பும் கதவும் கொண்டதாக இருத்தல் வேண்டும். கூண்டு தளத்தில் நிற்கும்போது மட்டுமே கதவு திறக்கவும், கதவு மூடினால் மட்டுமே கூண்டு நகரவும் செய்யும் இணைப்பூட்டு பொருத்தப்பட வேண்டும். இவை ஆட்களுக்கான தூக்கி, சரக்குத் தூக்கி ஆகிய இரண்டுக்கும் உரியன.

ஆட்களை ஏற்றும் தூக்கிக்கு அப்பிரிவு மேலும் சில நிபந்தனைகளை விதித்தது. கூண்டுக்கே தனிக் கதவு வேண்டும். வடத்தில் தொங்கும் கூண்டாயின், ஒவ்வொன்றும் முழுச்சுமையையும் தனியே தாங்கவல்ல குறைந்தது இரண்டு வடங்கள் வேண்டும். வடம் அறுந்தாலும் கூண்டைத் தாங்கும் கருவியும், எல்லை தாண்டி ஓடாமல் தடுக்கும் கருவியும் வேண்டும்.

சட்டத்தின் இந்தப் பகுப்பு காகிதத்தில் சரியானது. சிக்கல் நடைமுறையில் உள்ளது. சரக்குத் தூக்கி என்று பதிவான ஒன்றில், உருளையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் ஏறினால், அந்த நொடியில் அது ஆட்களை ஏற்றும் தூக்கியாகிவிடுகின்றது. ஆனால் அதன் வடமும் கதவும் மாறுவதில்லை. ஆட்கள் ஏறக்கூடாது என்ற பலகை முதலாளியின் பொறுப்பைக் குறைப்பதாகத் தோன்றலாம். உடன் ஏறாமல் உருளையை நிறுத்த வழி செய்யாதவரை அப்பலகை எவரையும் காப்பதில்லை. கூண்டுக்குள் உருளைகளைக் கிடத்தி வைக்கும் தட்டுகள், பக்கவாட்டுத் தடுப்புகள், சக்கரம் பூட்டக்கூடிய தள்ளுவண்டிகள் ஆகியவை இருந்தால் உடன் ஏறும் தேவையே எழாது. இவை பலகையை விடச் சற்றே செலவு கூடியவை, அவ்வளவுதான்.

கூண்டுக்குக் கதவில்லாத தூக்கியில் மற்றொரு ஆபத்தும் உண்டு. கூண்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் உருளை, ஏறும்போது மேல்தளத்தின் விளிம்பில் இடித்துச் சிக்குகின்றது. உள்ளே நிற்பவரின் கையோ காலோ அதே இடைவெளியில் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆளோ பொருளோ இவ்வாறு இடையில் அகப்படாதபடி தூக்கியும் அடைப்பும் அமைய வேண்டும் என்பதையும் 28ஆம் பிரிவு தனியே கூறியிருந்தது.

இணைப்பூட்டு

மேற்கூறிய இணைப்பூட்டு இரு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று இயந்திர முறையில் கதவைப் பூட்டுவது. மற்றது, கதவு பூட்டியிருக்கின்றதா என்பதை மின்தொடர்பு ஒன்றின் வழியாகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு உணர்த்துவது. எல்லாத் தளக் கதவுகளின் தொடர்புகளும் ஒரே சங்கிலியாக இணைந்திருக்கும். அவற்றில் ஒன்று விலகினாலும் மின்தூக்கி நகராது.

இந்தச் சங்கிலிதான் மின்தூக்கியில் அடிக்கடி பழுதாகும் பகுதிகளுள் ஒன்றாகும். தள்ளுவண்டி மோதிக் கதவு வளைகின்றது; கதவின் கீழ்த்தடத்தில் நூலும் துண்டுத் துணியும் சேர்கின்றன; தொடர்புமுனையில் தூசு படிகின்றது. தூக்கி நின்றுவிடும். அப்போது எளிதான தீர்வாகச் சிலர் செய்வது, தொடர்பின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுவது. கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கதவு மூடியிருப்பதாகவே தோன்றும், தூக்கி ஓடும். பழுது தேடும் தொழில்நுட்பர் சோதனைக்காக இவ்வாறு இணைப்பதும் உண்டு. வேலை முடிந்ததும் எடுக்க மறந்தால் விளைவு ஒன்றே. அதன்பின், கூண்டு இல்லாத வெற்றுக் குழியை நோக்கி ஒரு கதவு திறந்திருக்கலாம். துணிக் குவியலைக் கைகளில் ஏந்தி, முன்னே பார்க்க முடியாமல் நடக்கும் தொழிலாளிக்கு அது தெரியப்போவதில்லை.

கதவு திறந்திருக்கையில் கூண்டு நகர்வதன் கொடுமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்வுகளுள் ஒன்று 2006 சூன் மாதம் டோக்கியோவில் நடந்தது. மிதிவண்டியோடு வெளியேறிய 16 வயது மாணவர், திறந்த கதவோடு மேலெழுந்த கூண்டில் சிக்கி இறந்தார். இதன் பின்னர் 2009 முதல் சப்பானில் புதிய மின்தூக்கிகளுக்கு, கதவு திறந்த நிலையில் கூண்டு நகர்ந்தால் நிறுத்தும் தனித் தடை கட்டாயமாக்கப்பட்டது. பிற நாடுகளின் தரங்களிலும் இவ்வகை ஏற்பாடு இடம் பெற்றுள்ளது.

மின்தூக்கி விபத்துகளில் இறப்போருள் அதை நிறுவுவோரும் பழுது பார்ப்போரும் கணிசமானவர்கள் என்பது பொதுவாக மறக்கப்படும் செய்தியாகும். குழியில் ஒருவர் இருக்கும்போது மேலே வேறொருவர் பொத்தானை அழுத்துவது எளிதில் நடக்கக்கூடியது. முதன்மை மின்விசையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியைக் குழியில் இறங்குபவரே வைத்துக்கொள்வது இதற்கான முறையாகும்.

பஞ்சுத்தூசு

பின்னலாடை ஆலைகளுக்கே உரிய பகை பஞ்சுத்தூசு. பின்னலிலும் வெட்டுதலிலும் தையலிலும் எழும் நுண்ணிய இழைகள் காற்றில் மிதந்து எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. வழித்தண்டு, கப்பி, தடை, மின்தொடர்புகள் ஆகிய அனைத்தும் அத்தகைய இடங்களே. சாயப்பட்டறைகளில் தூசுக்குப் பதில் ஈரமும் வேதிப்பொருள் ஆவியும் வடத்தை அரிக்கின்றன. வடத்தில் இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருப்பது, விட்டம் குறைந்திருப்பது, துரு ஆகியவை வடத்தை மாற்ற வேண்டியதன் அறிகுறிகளாகும். அலுவலகக் கட்டிடத்துக்குப் போதுமான பராமரிப்பு இடைவெளி பின்னலாடை ஆலைக்குப் போதாது.

தூசு பற்றி எரியக்கூடியதும் ஆகும். 1987 நவம்பர் 18 அன்று இலண்டன் கிங்சு கிராசு சுரங்க நிலையத்தில் ஏற்பட்ட தீயில் 31 பேர் இறந்தனர். மரத்தாலான நகரும் படிக்கட்டின் கீழே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மசகுப்பசை, இழைத்தூசு, காகிதத் துண்டுகள் ஆகியவற்றில் பற்றவைத்த தீக்குச்சி ஒன்று விழுந்ததே காரணம் என விசாரணை கண்டறிந்தது. இன்றைய நகரும் படிக்கட்டுகள் உலோகத்தால் ஆனவை. ஆயினும் மசகும் இழைத்தூசும் சேர்ந்த கலவை திருப்பூரின் தூக்கிக் குழிகளுக்குப் புதியதன்று. குழியைத் தூய்மை செய்வது அழகுக்காக அன்று.

சட்டங்கள்

இந்தியாவில் மின்தூக்கிகளுக்கான தனிச் சட்டங்களுள் முந்தையது 1939இன் பம்பாய் மின்தூக்கிச் சட்டமாகும். தமிழ்நாட்டில் இத்தகைய சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. இதன்படி மின்தூக்கியை நிறுவுவதற்கு முன் அனுமதியும், இயக்குவதற்கு உரிமமும் பெற வேண்டும். அரசின் தலைமை மின் ஆய்வாளரின் கீழ் இயங்கும் மின் ஆய்வுத் துறை இதனைச் செயற்படுத்துகின்றது. கடைகள், தங்கும் விடுதிகள், மருத்துவமனைகள், அடுக்ககங்கள் முதலியவற்றில் உள்ள மின்தூக்கியின் உரிமம் நடப்பில் உள்ளதா எனக் கேட்டறிவது பயன்படுத்துவோர் அனைவரும் செய்யக்கூடியது. மிகச் சிலரே செய்கின்றனர்.

ஆலைகளின் பாதுகாப்பு, மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பில் உள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் ஆகியவற்றுக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. திருப்பூரின் ஆலைக் கட்டிடங்களில் பெரும்பாலானவை பழைய சட்டத்தின் காலத்தில் எழுந்தவை என்பதாலேயே அதன் 28ஆம் பிரிவு மேலே விரிவாகக் கூறப்பட்டது. தொழில்நுட்ப அளவுகளுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் 14665ஆம் எண் தரம் நீண்ட காலம் பயன்பட்டு வந்தது. 2022இல் 17900ஆம் எண் தரம் வெளியிடப்பட்டது.

ஏற்றுமதி ஆலைகளில் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களின் தணிக்கையும் உண்டு. தணிக்கையாளர் கேட்பதால் ஆய்வுச் சான்று தூக்கியின் அருகில் சட்டமிட்டு மாட்டப்படுகின்றது. ஆனால் ஒரே ஆடையின் வேலைகள் ஜாப் ஒர்க் முறையில் பல சிறு கூடங்களுக்குப் பிரிந்து செல்லும் தொழில் இது. தணிக்கை எட்டாத கூடத்தின் தூக்கியும் அதே சட்டையைத்தான் தூக்குகின்றது.

நகரும் படிக்கட்டுகள்

நகரும் படிக்கட்டின் முன்னோடி, செசி ரெனோ 1892இல் காப்புரிமை பெற்று 1896இல் நியூயார்க்கின் கோனித் தீவில் இயக்கிய சாய்தள ஏற்றியாகும். 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் ஓட்டிசு நிறுவனத்தின் படிகள் கொண்ட வகை காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று பெருங்கடைகளும் தொடருந்து நிலையங்களும் இதன் வழக்கமான இடங்கள். பின்னலாடை ஆலைக்குள் இதற்கு வேலை இல்லை. ஆலைத் தொழிலாளர் இதைச் சந்திப்பது பெரும்பாலும் ஊதியமோ தீபாவளி போனசோ கையில் வந்து கடைவீதிக்குச் செல்லும்போதுதான். கூட்டம் மிகுந்த அந்நாட்களில் முதன்முறையாக ஏறுவோரும் பலர் இருப்பர்.

படிகளுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டருக்கும், இரு பக்கமும் சேர்ந்து 7 மில்லிமீட்டருக்கும் மிகக்கூடாது என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட அளவாகும். அந்தச் சிறு இடைவெளியும் சேலை முந்தானை, துப்பட்டா, சிறுவரின் மென்மையான இரப்பர் செருப்பு ஆகியவற்றை இழுக்கப் போதுமானது. பக்கத் தகட்டை ஒட்டிப் பொருத்தப்படும் தூரிகை காலணியைத் துடைப்பதற்காக அன்று. காலை விலகி நிற்கச் செய்வதற்காக. படியின் மஞ்சள் கோடும் அதற்கே. சேலை அணிந்தோர் கொசுவத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தும், சிறுவரைக் கையில் பிடித்தும், படியின் நடுவில் நின்றும் செல்வது நலம். ஆடை சிக்கினால் இழுத்துப் போராடுவதை விட, மேலும் கீழும் முனைகளில் உள்ள சிவப்பு நிறுத்து பொத்தானை அழுத்தச் செய்வதே பயன் தரும். அப்பொத்தான் இருக்கும் இடத்தை ஏறும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படியிலிருந்து இறங்கும் இடத்தில் உள்ள தரைத்தகடு, எந்திர அறையின் மூடியும் ஆகும். 2015 சூலையில் சீனாவின் சிங்சோ நகரக் கடை ஒன்றில் சரியாகப் பொருத்தப்படாத தகடு கவிழ்ந்து பெண் ஒருவர் உள்ளே விழுந்து இறந்தார். கையிலிருந்த குழந்தையை அதற்குள் அவர் மேலே தள்ளிவிட்டதால் குழந்தை பிழைத்தது. ஆடும் தகட்டைக் கண்டால் படிக்கட்டை உடனே நிறுத்த வேண்டும்.

நகரும் படிக்கட்டு சக்கர நாற்காலிக்கு உரியது அன்று. ஊன்றுகோல் கொண்டோர், பார்வையற்றோர், கைக்குழந்தை வண்டியோடு வருவோர் ஆகியோருக்கும் அது இடர் தருவது. நின்றுபோன நகரும் படிக்கட்டைச் சாதாரணப் படியாகக் கருதுவதும் தவறாகும். அதன் படிகள் வழக்கமான படிகளை விட உயரமானவை. இரு முனைகளிலும் உயரம் படிப்படியாகக் குறைவதால் கால் தடுமாறும். எனவே நகரும் படிக்கட்டு உள்ள இடத்தில் மின்தூக்கியும் இருக்க வேண்டும். அது எங்குள்ளது என்ற அறிவிப்பும் படிக்கட்டின் அடியிலேயே இருக்க வேண்டும். சரக்கு ஏற்றும் வாயிலுக்குப் பின்னால் பூட்டிய மின்தூக்கி இக்கணக்கில் சேராது.

அனைவருக்குமான அமைப்பு

2005ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான மின்தூக்கிக்குச் சில அளவுகளைத் தந்தது. கூண்டின் உள் ஆழம் 1100 மில்லிமீட்டர், அகலம் 2000 மில்லிமீட்டர், கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர். பொத்தான் பலகைக்கு அருகில் 1000 மில்லிமீட்டர் உயரத்தில் 600 மில்லிமீட்டருக்குக் குறையாத கைப்பிடி. கதவு மூடத் தொடங்கும் முன் குறைந்தது 5 நொடி காத்திருக்க வேண்டும். மூடும் வேகம் நொடிக்கு 0.25 மீட்டரைத் தாண்டக்கூடாது. கூண்டு வந்த தளத்தையும் கதவின் நிலையையும் ஒலியால் அறிவிக்க வேண்டும்.

இவ்வளவுகளை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமான சலுகையாகக் காண்பது பிழையான பார்வை. கூண்டின் தரையும் தளத்தின் தரையும் சமமாக நிற்காவிட்டால், சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் தடுக்குவது போலவே துணி வண்டியின் சக்கரமும் தடுக்கும். வண்டி சாய்ந்தால் தள்ளுபவர் மீதே உருளைகள் விழும். புதிய மின்தூக்கிகளில் இந்த வேறுபாடு 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி அமைக்க முடியும். மெதுவாக மூடும் கதவு இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதித்த தையற்காரருக்கு உதவுவது போலவே, கருவுற்ற தொழிலாளிக்கும், இரு கைகளிலும் கட்டுகளைச் சுமப்பவருக்கும் உதவுகின்றது. தையல் வேலைக்குக் கையும் கண்ணும் தேர்ச்சியாக இருந்தால் போதும் என்ற நிலையில் உள்ள பலருக்கு, மூன்றாம் தளத்தில் உள்ள பவர் டேபிளை அடையும் வழிதான் வேலை கிடைப்பதையும் கிடைக்காததையும் முடிவு செய்கின்றது. சரக்குக்குத் தூக்கியும் ஆட்களுக்குப் படியும் என்ற ஏற்பாடு இவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது. அல்லது ஏறக்கூடாத சரக்குத் தூக்கியில் ஏறச் செய்கின்றது. இரண்டாவது நிலை முதலாவதை விடக் கொடியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 44ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டிட வரைபடத்துக்கு அனுமதி வழங்கக்கூடாது. பொதுப் பயன்பாட்டில் ஏற்கெனவே உள்ள கட்டிடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என 45ஆம் பிரிவு கூறுகின்றது. விதிகள் 2017 சூனில் வெளியானதால் அக்காலம் 2022இல் முடிந்துவிட்டது. ராசீவ் ரதுரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான 15(1)ஆம் விதி கட்டாயத் தரங்களை வகுக்காமல் பரிந்துரைகளாகவே விட்டிருப்பது சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதக் காலம் அளித்தது.

மின்தடை, தீ

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டையொட்டி நிலவிய கடும் மின்வெட்டின்போது திருப்பூர் ஆலைகள் மின்னாக்கிகளை நம்பி இயங்கின. மின்சாரம் போய் மின்னாக்கி எடுக்கும் வரை தளங்களுக்கிடையே கூண்டு நிற்பது அப்போது அன்றாட நிகழ்வு. மின்கல விசையால் கூண்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டு சென்று கதவைத் திறக்கும் தானியங்கி மீட்புக் கருவி இதற்குத் தீர்வாகும். அது இல்லாவிடில் அகப்பட்டவர் செய்ய வேண்டியது மணியை அடித்துக் காத்திருப்பதே. கூண்டில் காற்றோட்டம் இருப்பதால் மூச்சு முட்டாது. கதவை நெம்பித் திறந்து பாதி உயரத்தில் குதிப்போர், கூண்டின் கீழுள்ள இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுகின்றனர்.

தீ ஏற்பட்டால் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது. தூக்கிக் குழி புகைபோக்கியைப் போல் புகையை மேலே இழுக்கும். மின்சாரம் நின்றால் கூண்டு நடுவழியில் நிற்கும். 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள கட்டிடங்களில் தீயணைப்போருக்கான தனி மின்தூக்கி வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் ஏற்பாடு. பின்னலாடை ஆலைகளில் தூக்கியின் முன்பகுதி ஏற்றக் காத்திருக்கும் பெட்டிகளாலும் உருளைகளாலும் நிறைந்திருப்பது வழக்கம். தீப்பிடித்தால் முதலில் எரிவதும், வழியை மறிப்பதும் அவையே. படியிறங்க இயலாதவர் எங்கே காத்திருக்க வேண்டும், யார் அவரை இறக்க வேண்டும் என்பதைத் தீயணைப்பு ஒத்திகையின்போதே பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும்.

மொழி

திருப்பூர்த் தொழிலாளருள் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய எச்சரிக்கை இவர்களுள் பலருக்கு வெறும் கோடுகளே. இந்தி, ஒடியா, வங்காளம் ஆகியவற்றிலும் எழுதுவதோடு, ஆள் உருவத்தின் மேல் குறுக்குக் கோடிட்ட படமும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. எழுத்தறியாத தமிழருக்கும் அப்படம் உதவும். சுமை அளவைக் கிலோகிராமில் மட்டும் எழுதினால் எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஆலையில் புழங்கும் உருளை எத்தனை, பெட்டி எத்தனை எனக் குறிப்பதே தெளிவானது.

பொத்தான்களில் புடைப்பெழுத்து இடுவதற்கு மொழிச் சிக்கல் குறைவு. பாரதி பிரெயில் முறையில் இந்திய மொழிகளுக்கெல்லாம் எண்கள் ஒன்றே. தமிழில் பிரெயில் கற்றவரும் ஒடியாவில் கற்றவரும் மூன்றாம் தளத்தின் பொத்தானை ஒரே புள்ளிகளால் அறிவர்.